காவலிருக்கும் அறைகள்: வலையமைப்புச் செயற்பாட்டு நிலையங்களும் முகாமை செய்யப்படும் தகவல் தொழினுட்பச் சேவையும்

தகவல் தொழினுட்பம் குறித்துத் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் கருவிகளைப் பற்றியனவாகவே அமைந்துள்ளன. கருவிகள் பழுதுறும்போது என்ன நிகழ்கிறது, அப்பழுதை முதலிற் காண்பவர் யார், அவர் எவ்விடத்தில், எந்நேரத்தில், எத்தகைய நிபந்தனைகளின்கீழ் அமர்ந்திருக்கிறார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. வங்கிகள், வைத்தியசாலைகள், பல்கலைக்கழகங்கள், அரச திணைக்களங்கள் ஆகியன தம் கணினிகளைத் தாமே பராமரிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, மாதக் கட்டணம் பெறும் வெளி நிறுவனங்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்துவரும் இக்காலத்தில் இவ்வினாக்களைப் புறக்கணித்தல் இயலாது. இவ்வாறு ஒப்படைக்கப்படும் பணியே முகாமை செய்யப்படும் தகவல் தொழினுட்பச் சேவை எனப்படுகிறது. அதன் நடுநரம்பாக விளங்குவது வலையமைப்புச் செயற்பாட்டு நிலையம். அந்நிலையம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, அதன் வலிமையும் நலிவும் எங்கிருந்து பிறக்கின்றன என்பவற்றை நோக்குவதே எமது முயற்சியாகும்.

இணையத்துக்கு முன்னரே இவ்வறை பிறந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தொலைபேசிப் பெருநிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி., நாடளாவிய நீண்டதூர அழைப்புகளின் நெரிசலை ஓரிடத்திலிருந்து நோக்குவதற்காக 1962இல் நியூயோர்க்கில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தை அமைத்தது. 1977இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் பெட்மின்ஸ்ரர் என்னுமிடத்தில் அதனிலும் விரிவான செயற்பாட்டு நிலையம் திறக்கப்பட்டது. சுவர் முழுவதையும் நிறைக்கும் வரைபடமும் அதன் எதிரே வரிசையாக மேசைகளும் என்னும் காட்சி இன்றும் இத்தகைய நிலையங்களின் அடையாளமாக நிலைத்துள்ளது. வந்து பார்க்கும் வாடிக்கையாளரின் கண்களுக்காகவும் அப்பெருஞ்சுவர் வைக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. உண்மையான வேலை மேசை மீதுள்ள சிறு திரைகளிலேயே நடைபெறுகிறது.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969இல் இயங்கத் தொடங்கியது. அதன் கணுக்களில் வைக்கப்பட்ட செய்தி கடத்தும் கணினிகளை ஆக்கிய பி.பி.என். நிறுவனம், மாசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து அவற்றைக் கண்காணித்தது. ஒவ்வொரு கணுவும் தன் நிலையையும் தன்னோடு இணைந்த கம்பித்தடங்களின் நிலையையும் ஒழுங்காக அறிவித்து வந்தது. பல நூறு மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு தடம் பழுதுற்றிருப்பதை அத்தடத்தின் உரிமையாளரான தொலைபேசிக் கம்பனிக்கே கேம்பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கூறும் நிலை உருவாயிற்று. கம்பனிக்காரர் முதலில் நம்ப மறுத்தனராம். பயன்படுத்துபவர் முறையிடுமுன்னரே பழுதை அறிதல் என்னும் கொள்கை நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்ட தருணம் இது. இன்றைய முகாமைச் சேவை நிறுவனங்கள் விற்பனை செய்யும் முதன்மைப் பண்டமும் இதுவே.

இக்கொள்கைக்குள்ளேயே ஒரு முரண்பாடும் பொதிந்திருந்தது. 1980 ஒக்டோபர் 27ஆம் திகதி ஆர்ப்பாநெற் ஏறக்குறைய நான்கு மணித்தியாலங்கள் முற்றாகச் செயலிழந்தது. கணுக்கள் தம் தடங்களின் நிலையை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் செய்திகள் ஒவ்வொன்றும் தொடரிலக்கம் ஒன்றைத் தாங்கியிருந்தன. புதிய இலக்கமுடைய செய்தி பழையதை நீக்கிவிட்டு அதனிடத்தைப் பெறும் என்பது விதி. ஒரு கணுவின் வன்பொருட் கோளாற்றினால் இலக்கங்களின் சில துணுக்குகள் உதிர்ந்து, 8, 40, 44 என்னும் மூன்று இலக்கங்களைக் கொண்ட செய்திகள் ஒரே வேளையில் உலவத் தொடங்கின. இலக்கமிடல் வட்டமாகச் சுழலும் முறையில் அமைந்திருந்தமையால், இம்மூன்றிலும் ஒவ்வொன்றும் மற்றொன்றைவிடப் புதியதாகத் தோன்றிற்று. எனவே எச்செய்தியும் அழியவில்லை. கணுக்கள் அவற்றை முடிவின்றி ஒன்றுக்கொன்று கடத்திக்கொண்டிருந்தன. ஏனைய பணிகள் யாவும் நின்றுபோயின. வலையமைப்பின் நலத்தை அறிவிப்பதற்கென வகுக்கப்பட்ட செய்திகளே அதனை வீழ்த்தின.

இன்றைய நிலையத்தின் தொழினுட்ப அடிப்படைகள் எளியன. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு செய்நிரல், தொலைவிலுள்ள கணினியை நோக்கி ஒரு செய்தியை அனுப்பி எதிரொலி வருகிறதா எனப் பார்க்கிறது. நீர்மூழ்கிகள் பயன்படுத்தும் ஒலியலைக் கருவியின் ஓசையையே அவர் அதற்குப் பெயராக இட்டார். உயிருண்டா இல்லையா என்பதை மாத்திரமே அது கூறும். உடல்நிலை எவ்வாறுள்ளது எனக் கேட்பதற்கு 1988இல் எளிய வலையமைப்பு முகாமைத்துவ நெறிமுறை வகுக்கப்பட்டது. இதன்படி நிலையத்திலுள்ள கணினி, குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு வழிப்படுத்தியையும் ஆளியையும் சேவையகத்தையும் வினவும். நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது, வெப்பம் எத்தனை பாகை, எத்தனை பொதிகள் தவறின என்பவற்றைப் பெற்றுப் பதியும். வினவப்படாமலே கருவி தானாகக் கூக்குரலிடும் முறையும் உண்டு. அளவீடு ஒன்று முன்னர் வகுத்த எல்லையைத் தாண்டும்போது திரையில் எச்சரிக்கை தோன்றுகிறது. ‘ரிக்கற்’ எனப்படும் முறைப்பாட்டுச் சீட்டொன்று திறக்கப்படுகிறது.

அச்சீட்டின் பயணமே நிலையத்தின் அன்றாட வாழ்வு. முதலாம் படியிலுள்ள உத்தியோகத்தர் அதனை எடுத்து, அப்பழுதுக்கென எழுதிவைக்கப்பட்ட செயல்முறைக் குறிப்பின்படி முயல்கிறார்: சேவையை மீள இயக்குகிறார், மாற்றுத்தடத்துக்கு மாற்றுகிறார், தடத்தை வழங்கும் கம்பனியை அழைக்கிறார். குறித்த நிமிடங்களுள் தீராவிடின் இரண்டாம் படிக்கும், பின்னர் அத்துறை வல்லுநருக்கும் சீட்டு ஏறிச்செல்லும். குறிப்பில் எழுதப்படாத பழுது வரும்போதுதான் இவ்வொழுங்கின் தரம் வெளிப்படுகிறது. குறிப்பை எழுதியவர் வல்லுநர். அதைப் பின்பற்றுபவர் பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவர். சிந்தனையை ஒருபுறமும் செயலை மறுபுறமும் பிரித்துவைத்த ஆலைத்தொழிலின் பழைய ஏற்பாடு இங்கு விசைப்பலகைகளின் நடுவே மீண்டும் தோன்றியிருக்கிறது.

எச்சரிக்கைகளின் மிகுதி இத்தொழிலின் தீராப் பிணி. ஒரு கட்டடத்தின் முதன்மை வழிப்படுத்தி வீழ்ந்தால் அதன் பின்னாலுள்ள முந்நூறு கருவிகளும் எதிரொலி தாராமற்போகும். முந்நூறு எச்சரிக்கைகள் எழும். பழுது ஒன்றே. மூலத்தைக் கண்டு கிளைகளை அடக்கும் மென்பொருட்கள் உள்ளன. அவை வலையமைப்பின் வரைபடம் சரியாக இருக்கும்வரை சரியாகச் செயற்படும். வரைபடத்தைப் புதுப்பிக்கும் வேலை எவருக்கும் உவப்பானதன்று. ஆதலால் பயனற்ற எச்சரிக்கைகள் பெருகுகின்றன. உத்தியோகத்தர் அவற்றைப் பாராது மூடப் பழகுகின்றனர். ஒருநாள் மெய்யான எச்சரிக்கையும் அவற்றோடு மூடப்படுகிறது. இதனைத் தனியொருவரின் சோம்பலாகக் கருதுவது தவறு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரும் பொய் அழைப்புகளுக்கு எம்முள் எவரும் அவ்வாறே பழகிக்கொள்வர்.

1991 செப்ரெம்பர் 17ஆம் திகதி நியூயோர்க்கில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் சற்று விரிவாக நோக்குதல் தகும். மன்ஹற்றன் பகுதியில் தோமஸ் வீதியிலுள்ள ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் ஆளி நிலையம், மின்தேவை மிகுந்த வெப்ப நாட்களில் நகர மின்சாரத்தைத் தவிர்த்துத் தன் சொந்த மின்பிறப்பாக்கிகளில் இயங்குவதென மின்கம்பனியோடு உடன்பட்டிருந்தது. அன்று காலை அவ்வாறு மாறும்போது, மின்னோட்டத்தை நேரோட்டமாக மாற்றும் சாதனங்கள் செயலிழந்தன. மின்கல அடுக்குகள் பொறுப்பேற்றன. அவை தாங்கக்கூடியது ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. அவற்றைப் பார்த்திருக்கவேண்டிய தொழினுட்பவியலாளர் பயிற்சி வகுப்பொன்றுக்குச் சென்றிருந்தனர். அவ்வகுப்போ புதிய எச்சரிக்கை முறைமை பற்றியது. மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர் மின்கலங்கள் வெறுமையாயின, ஆளிகள் நின்றன. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் தடைப்பட்டன. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் தொடர்புகளும் அக்கட்டடத்தின் வழியே சென்றமையால் நகரின் மூன்று பெரும் விமான நிலையங்களிலும் பறப்புகள் நூற்றுக்கணக்கில் இரத்தாயின அல்லது தாமதமாயின.

முதலில் ஊழியரின் தவறே பெரிதாகப் பேசப்பட்டது. உரிய வேளையிற் சுற்றிப்பார்த்திருந்தால் கண்டிருக்கலாம் என்றனர். அடுத்த சில நாட்களிலேயே, எச்சரிக்கைக் கருவிகளுட் சில ஒலிக்கவே இல்லை என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எமது கருத்தில் இந்நிகழ்ச்சியின் முக்கியத்துவம் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. விளக்கு எரிவதற்கு ஏற்பாடு செய்தவர்கள், அதைப் பார்க்கும் ஒருவர் எப்போதும் அங்கிருப்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. பயிற்சிக்குச் செல்பவரின் இடத்தில் மற்றொருவரை அமர்த்துவதற்குச் செலவுண்டு. விளக்குக்கு ஒருமுறைச் செலவே.

அச்செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் முகாமைச் சேவை என்னும் தொழில் ஏன் பிறந்தது என்பது விளங்கும். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. ஒருவரின் வேலைவாரம் 40 மணித்தியாலம் எனக் கொண்டால், ஒரு நாற்காலியை இரவும் பகலும் வெறுமையாக்காது வைத்திருப்பதற்கு 4.2 பேர் வேண்டும். விடுமுறை, நோய், பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால் ஐவரும் போதார். நாற்பது கணினிகளையும் இரண்டு சேவையகங்களையும் கொண்ட கூட்டுறவுச் சங்கமொன்றோ தனியார் வைத்தியசாலையொன்றோ ஒரு நாற்காலிக்காக ஐந்து சம்பளங்களை வழங்க இயலாது. ஆனால் அத்தகைய நூறு நிறுவனங்கள் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொள்ளலாம். தனித்தனியே எவருக்கும் எட்டாத காவலைக் கூட்டாகப் பெறுதல் என்னும் அளவில் இது பயனுடையதே. உழைப்பின் சமூகமயமாக்கம் என்று நாம் கூறும் போக்கின் ஒரு வடிவமாகவும் இதனைக் கொள்ளலாம். அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்பது வேறு வினா.

பகிரப்படும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எத்தனை நிறுவனங்களுக்குக் காவலாளி என்பதை ஒப்பந்தம் பெரும்பாலும் கூறுவதில்லை. அது கூறுவது வேறொன்றை: கிடைப்புத்தன்மை இத்தனை சதவீதம் என்று. 99.9 சதவீதம் என்பது கேட்பதற்கு நிறைவாகத் தோன்றும். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 8 மணித்தியாலம் 45 நிமிட நேரச் செயலிழப்பு அதனுள் அடங்கும். 99.99 சதவீதமாயின் ஏறத்தாழ 53 நிமிடம், 99.999 சதவீதமாயின் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். இவ்வெண்களின் பின்னால் இன்னும் சில ஏற்பாடுகள் உள்ளன. முன்னறிவித்த பராமரிப்பு நேரம் பொதுவாகக் கணக்கிற் சேர்க்கப்படுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வினவும் முறைமை, இரு வினவல்களுக்கிடையே நிகழ்ந்து முடிந்த நான்கு நிமிடத் தடையைக் காணவே காணாது. வாக்களித்த அளவு தவறினால் வழங்கப்படும் ஈடும் மாதக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் வரையறுக்கப்படுகிறது. தடைப்பட்ட வைத்தியசாலையின் இழப்போடு அதற்குத் தொடர்பில்லை. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவராகவே இருக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் இவற்றையேனும் கேட்டறிந்து இடுதல் வேண்டும்.

திரையிற் பச்சை நிறம் காணப்படுவதற்கும் சேவை பாதுகாப்பாயிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எமது நாட்டின் அனுபவமொன்று காட்டுகிறது. 2023இல் இலங்கை அரச முகில் முறைமை பணயத் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. அக்காலப் பகுதிக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. சேவையகம் இயங்குகிறதா என்னும் வினாவுக்கு அந்நாட்களில் ‘ஆம்’ என்றே விடை கிடைத்திருக்கும். காப்புப்பிரதி எடுக்கப்பட்டதா, எடுத்ததை மீட்டுப் பார்த்ததுண்டா என்பன கண்காணிப்பின் பட்டியலில் இடம்பெற்றாலன்றி எத்திரையும் அவற்றைச் சொல்லாது.

கண்காணிப்பதற்கான பாதை கண்காணிக்கப்படும் பாதையிலிருந்து வேறாக இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய விதி. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனம் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அதன் தரவு நிலையங்களுக்கிடையிலான இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. தவறான கட்டளைகளைத் தடுக்கவேண்டிய மென்பொருளும் வழுவுற்றிருந்தது. பெயர்களை முகவரிகளாக மாற்றும் அதன் சேவையகங்கள் இணையத்திலிருந்து மறைந்தன. பழுதுபார்ப்பதற்கென வைத்திருந்த மாற்றுப்பாதையும் கைகொடுக்கவில்லை. உள்ளகக் கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்தனவாதலால் அவையும் வீழ்ந்தன. பொறியியலாளர் தரவு நிலையங்களுக்கு நேரிற் செல்லவேண்டியதாயிற்று. மீள்வதற்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் சென்றது. விதி அறியாதவர் நடத்திய நிறுவனமன்று அது.

இனி இவ்வமைப்பின் ஆகக் கடுமையான ஆபத்தை நோக்குவோம். தொலைவிலிருந்து பழுதுபார்க்க வேண்டுமாயின், தொலைவிலிருந்து கட்டளையிடும் அதிகாரம் வேண்டும். எனவே முகாமைச் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளரின் ஒவ்வொரு கணினியிலும் முழு உரிமையோடு இயங்கும் முகவர்ச் செய்நிரலொன்றை நிறுவுகிறது. நூறு வீடுகளின் திறவுகோல்களும் ஒரு கோவையில் தொங்குகின்றன. 2021 யூலை 2ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்று, கசேயா என்னும் நிறுவனத்தின் தொலைமுகாமை மென்பொருளின் குறைபாட்டைப் பயன்படுத்தி ‘ஆர்ஈவில்’ குழுவினர் அக்கோவையைக் கைப்பற்றினர். நெதர்லாந்தின் தன்னார்வ ஆய்வாளர் அக்குறைபாட்டைச் சில மாதங்களுக்கு முன்னரே கண்டு அறிவித்திருந்தனர். திருத்தம் முற்றுப்பெறுமுன் தாக்குதல் முந்திக்கொண்டது. நேரடியாகத் தாக்கப்பட்ட வாடிக்கையாளர் அறுபதுக்கும் குறைவு என நிறுவனம் கூறிற்று. அவர்களுள் பலர் முகாமைச் சேவை வழங்குநர்; அவர்கள் வழியாகப் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 1,500 வரை. சுவீடனின் ‘கூப்’ கூட்டுறவு நிறுவனம் ஏறத்தாழ 800 கடைகளை மூடியது. கூப் அம்மென்பொருளை வாங்கவில்லை. அதன் காசாளர் இயந்திரங்களைப் பராமரித்த ஒப்பந்தக்காரர் வழியே தாக்குதல் வந்து சேர்ந்தது. கடைவாயிலில் நின்று திரும்பியவர்க்கு அம்மென்பொருளின் பெயரே தெரிந்திருக்க நியாயமில்லை.

இச்சங்கிலி இன்னும் நீளக்கூடியது. சேவையை விற்கும் நிறுவனம் தானே இரவுக் காவலை நடத்தாது, மற்றொரு நிறுவனத்திடம் அதனைக் குத்தகைக்கு விடும் வழக்கம் பரவியுள்ளது. அந்த மூன்றாம் நிறுவனத்தின் உத்தியோகத்தர் முதல் நிறுவனத்தின் பெயராலேயே தொலைபேசியில் விடையளிப்பர். வாடிக்கையாளர் இதனை அறியார். அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கான இத்தகைய நிலையங்கள் பல இந்தியாவில் இயங்குகின்றன. திறவுகோற் கோவை எத்தனை கைகள் மாறியது என்பதை ஒப்பந்தத்தை எழுதியவர்களே உடனடியாகக் கூறமாட்டார்கள்.

‘சூரியனைப் பின்தொடர்தல்’ என இத்தொழிலில் ஒரு வழக்குண்டு. உலகின் வெவ்வேறு நெடுங்கோடுகளில் மூன்று நிலையங்களை அமைத்து, ஒவ்வொன்றும் தன் பகற்பொழுதில் மாத்திரம் காவலிருந்து, பின் அடுத்ததிடம் கையளிப்பதே அதன் பொருள். நியூயோர்க்கில் இரவு ஒன்பது மணியாகும்போது சென்னையில், கோடை காலக் கணக்கின்படி, மறுநாட் காலை ஆறரை. ஆகவே அமெரிக்கரின் இரவைச் சென்னையின் பகல் காக்கலாம். எவரும் உறக்கம் கெடவேண்டியதில்லை. ஏட்டளவில் இதனிலும் மனிதத்தன்மை வாய்ந்த ஏற்பாடு இருக்க முடியாது. நடைமுறையிலோ மூன்று நிலையங்களுக்குப் பதிலாக, சம்பளம் குறைந்த ஓரிடத்தில் ஒரே நிலையத்தை அமைத்து, மூன்று முறைவேலைகளையும் அங்கேயே நடத்துவது மலிவு. அப்போது நியூயோர்க்கின் பகல் சென்னையின் இரவாகிறது. காலை ஒன்பதுக்கு அங்கு அலுவலகம் திறக்கையில் இங்கு மாலை ஆறரை. அவர்கள் மாலை ஐந்துக்கு வீடு திரும்புகையில் இங்கு அதிகாலை இரண்டரை. முறைப்பாடுகள் மிகுவதும் அவ்வேளையிலேயே.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், உடலின் நாட்சுழற்சியைக் குலைக்கும் முறைவேலையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியனவற்றின் இரண்டாம் வகுப்பில் 2007இல் சேர்த்தது. 2019இல் இராப்பணியை மீண்டும் ஆராய்ந்து அம்முடிவையே உறுதிசெய்தது. கிடைப்புத்தன்மையின் ஒன்பதுகளைக் கூட்டும் விலைப்பட்டியல்களில் இச்செலவுக்குரிய நிரல் கிடையாது. வீடு திரும்பும் வாகனம், இராப்பணிப்படி, தொடர்ந்து எத்தனை இரவுகள் என்னும் எல்லை, இடையில் ஓய்வறை ஆகியன தொழிலாளர் தரப்பிலிருந்து கேட்கப்பட வேண்டியவை. சேவையை வாங்கும் நிறுவனங்களும் கேட்கலாம். கேட்பதற்கு அவர்களுக்குத் தன்னலமான காரணமும் உண்டு. தொடர்ச்சியாக ஏழாவது இரவில் விழித்திருப்பவரின் கண்களே அவர்களுடைய வைத்தியசாலையையும் வங்கியையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

முறைவேலை மாறும்போது, செல்பவர் வருபவருக்குக் கையளிப்புக் குறிப்பொன்றை எழுதிவைப்பார்: எந்தச் சீட்டுகள் திறந்துள்ளன, எந்தத் தடம் தளம்புகிறது, எந்த எச்சரிக்கை பொய்யென அறியப்பட்டது, எவருக்கு அழைப்பு விடுத்து விடை வரவில்லை. நன்கு நடத்தப்படும் நிலையங்களில் இதற்கெனக் கால்மணி நேரம் சம்பளத்தோடு ஒதுக்கப்படுகிறது. இரு முறையினரும் அந்நேரம் ஒருங்கே மேசையில் இருப்பர். ஏனையவற்றில், செல்பவர் வாகனத்துக்கு ஓடிக்கொண்டே இரண்டு வரி எழுதுவார். சேவையொன்றை ஒப்பந்தஞ் செய்யுமுன் அந்நிலையத்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், பெருஞ்சுவரைக் காட்டும் பகல்வேளையை விடுத்து, அக்கால்மணி நேரத்தில் அங்கு போய்ப் பார்க்கலாம்.